அந்துப்பூச்சி அறிந்த மண்

1917ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே, மக்காச்சோளத் தட்டையைக் குடைந்து தின்னும் புழு ஒன்று கண்டறியப்பட்டது. துடைப்பம் செய்வதற்காக ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சோளத்தட்டைகளுக்குள் ஒளிந்து அது கடல் கடந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. ஐரோப்பியத் தண்டு துளைப்பான் எனப்பட்ட அப்புழு, சில பத்தாண்டுகளில் மக்காச்சோள மாநிலங்களெங்கும் பரவிவிட்டது.

இதற்கிடையே அங்கு உரமும் மாறியது. இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்துக்காக அம்மோனியா தயாரித்த ஆலைகள், போர் முடிந்ததும் உரம் தயாரித்தன. தொழுவுரம் பின்தங்கியது. விளைச்சல் பெருகியது, இதை மறுப்பதற்கில்லை.

உரத்துக்கும் புழுவுக்கும் தொடர்பு உண்டா? இந்தூரில் கம்போஸ்ட் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்ட், வளமான மண்ணில் வளரும் பயிரைப் பூச்சி அதிகம் நாடாது என்று 1940இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. அவர்கள் தயக்கமும் நியாயமானதே. இயற்கைமுறைப் பண்ணையில் பூச்சி குறைந்தால், காரணம் மண்ணா, பயிர்ச் சுழற்சியா, புழுவைக் கொல்லும் குளவிகளா? வயலில் வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லாரி ஃபீலன் குழுவினர் மண்ணை மட்டும் பிரித்தெடுத்தனர். அருகருகே அமைந்த இயற்கைமுறைப் பண்ணை ஒன்று, இரசாயனமுறைப் பண்ணை ஒன்று என மூன்று இணைகளைத் தேர்ந்தனர். அவற்றின் மண்ணைக் கண்ணாடிக் குடிலுக்குக் கொண்டுவந்து மக்காச்சோளம் வளர்த்தனர். சில செடிகளுக்கு மாட்டுச் சாணம், சிலவற்றுக்கு அம்மோனியம் நைட்ரேட், சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. பிறகு பெண் அந்துப்பூச்சிகளை முட்டையிட விட்டனர்.

முடிவு 1995இல் வெளிவந்தது. இரசாயனமுறை மண்ணில் வளர்ந்த செடிகளிலேயே முட்டைகள் அதிகம். அங்கு இட்ட உரத்துக்கேற்ப எண்ணிக்கை ஏறி இறங்கியது. செடிக்குச் செடி காணப்பட்ட மாறுபாடு மற்ற மண்ணைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு! இயற்கைமுறை மண்ணிலோ, எந்த உரம் இட்டாலும் முட்டைகள் குறைவே. ஆக, பூச்சியின் தேர்வில் அன்று இட்ட உரத்தைவிட, அந்த மண் பல்லாண்டுகளாகப் பராமரிக்கப்பட்ட விதமே மேலோங்கி நின்றது.

காரணம் என்ன? தழைச்சத்து திடீரென மிகுந்தால் இலைச்சாற்றில் அமினோ அமிலங்கள் தேங்கக்கூடும். வளரும் புழுவுக்கு அது விருந்து. மட்கு நிறைந்த மண்ணிலோ நுண்ணுயிர்கள் சத்தைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. செடியின் சத்துச் சமநிலை எளிதில் குலையாது என்பது ஃபீலனின் விளக்கம். எல்லாப் பயிருக்கும் எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்தும் என்று கொள்ளக்கூடாது.

1996இல், இப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. மக்காச்சோளம் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. உழவர்களின் கவனம் மண்ணைவிட்டு விதையின் பக்கம் திரும்பியது.