மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரும் சுமையும்

ஓட்டுபவரின் எடைக்கும் ஏற்றும் சரக்குக்கும் தக்கபடி பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கியோ தளர்த்தியோ வைப்பது ப்ரீலோடு சரிசெய்தல் எனப்படும். ஹீரோ ஸ்ப்ளெண்டரில் இதற்கு 5 படிகள் உண்டு. ராயல் என்ஃபீல்டின் புதிய கிளாசிக் 350இல் 6. ஆனால் எத்தனையோ வண்டிகள் ஷோரூமில் வைத்த படியிலேயே ஆயுள் முழுக்க ஓடிவிடுகின்றன.

பெங்களூரு அல்சூர் ஏரிக்குக் கிழக்கே, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மர்பி டவுனில் இதன் தேவை நன்றாகப் புலப்படும். குறுகிய தெருக்களில் சரக்கு ஆட்டோ திணறும் இடத்தில் பைக் நுழைந்துவிடும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோவைத் தாண்டும். 14.2 கிலோ எரிவாயு அடைத்த வீட்டு சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. காலையில் ஒருவர் மட்டும் ஓட்டிச்செல்லும் வண்டியில் மாலையில் டபுள்ஸோடு மளிகைப் பையும் ஏறுகிறது. ஒரே நாளில் 70, 80 கிலோ கூடிக் குறைந்தாலும் ஸ்பிரிங் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

இதன் விளைவு வெறும் முதுகுவலி அல்ல. பின்பக்கம் அமிழ்ந்தால் முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து ஹேண்டில் லேசாகும். வளைவில் வண்டி சொன்னபடி திரும்பாது. ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும், முன்னே இருக்கும் பள்ளமோ இருட்டில் கிடக்கும். அந்தப் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் கடைசிவரை அமுங்கி ‘டக்’கென்று இடிக்கும். அந்த அடி சட்டத்துக்கும் ரிம்முக்கும் போகிறது.

படியைக் கூட்டினால் ஸ்பிரிங் வலுவாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியின் தடிமனையும் சுற்றுகளையும் பொறுத்தது. படியை மாற்ற ஷாக்கில் உள்ள வளையத்தைத் திருப்பினால் அது மாறாது. ஸ்பிரிங் முன்கூட்டியே சற்று அமுக்கப்படுவதால், சுமை ஏறிய பிறகும் வண்டி பழைய உயரத்தில் நிற்கும், மேடுபள்ளத்தில் அமுங்குவதற்கு இடம் மிஞ்சும். அவ்வளவுதான். தயாரிப்பாளர் குறித்த அதிகபட்சச் சுமையை எந்தப் படியும் உயர்த்தாது.

சரியான படியைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, தரையில் படாமல் தொங்கும் பின்சக்கரத்தின் ஆக்ஸிலிலிருந்து நேர்மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமான சுமையுடன் ஓட்டுபவர் உட்கார, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே தூரத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரத்தின் மொத்த மேல்கீழ் நகர்வில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. பழைய கிளாசிக் 350இன் பின்சக்கர நகர்வு 80 மில்லிமீட்டர். ஆகவே 20 முதல் 27 வரை. ராயல் என்ஃபீல்டின் முதல் ஹிமாலயனில் அது 180. அங்கே 45 முதல் 60 வரை அமிழலாம். அளவு மிஞ்சினால் டூல்கிட்டில் உள்ள கொக்கி ஸ்பேனரால் வளையத்தை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். இரட்டை ஷாக் வண்டியில் இரு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம்.

பின்பக்க ஷாக்கும் பைக்கில் சுமையேற்றும் பழக்கமும் புதியவை அல்ல. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஹைட்ராலிக் ஷாக்கும் கொடுத்த ராயல் என்ஃபீல்டு புல்லட் 1949இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் உருவான என்ஃபீல்டு இந்தியா அதை இங்கேயே உருவாக்கத் தொடங்கியது. மர்பி டவுனிலிருந்து சில மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஓசூரில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50, சிறு வியாபாரிகளின் சுமைவண்டியாகவே மாறிப்போனது.

டயர் காற்றையும் சுமையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பஜாஜ் பல்சர் 150இன் பின்டயருக்குத் தனியாகப் போகும்போது 28 பிஎஸ்ஐ, டபுள்ஸுக்கு 32. பாரம் ஏறும்போது செயினின் தொய்வும் மாறும். அதையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. சுமையை இறக்கிய பிறகு படியையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தடைகளில் பின்சக்கரம் துள்ளி ரோட்டுப் பிடியை இழக்கும். ஷாக்கின் தண்டில் ஆயில் கசிந்திருந்தால் எந்தப் படியும் உதவாது. சாதாரண வண்டிகளின் ஷாக்குகள் பெரும்பாலும் மூடி அடைக்கப்பட்டவை என்பதால், இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டிவரும்.