குமரிக்காக வாதாடிய வக்கீல்

வக்கீலா இருந்து அரசியலுக்கு வந்தவர் யாருன்னு கேட்டா ஆபிரகாம் லிங்கன்னு டக்குன்னு சொல்லிடுவோம். நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர் இருக்கார், மார்ஷல் நேசமணி. மணவாளக்குறிச்சி மணலைப் பத்தித் தெரிஞ்ச அளவுக்கு அவரைப் பத்தி நம்ம பசங்களுக்குத் தெரியாது.

1895ல விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில பிறந்தவர். திருவனந்தபுரத்துல சட்டம் படிச்சிட்டு நாகர்கோவிலில் தொழிலை ஆரம்பிச்சார். அப்போ கோர்ட்டில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மத்தவங்களுக்கு முக்காலி. முதல் நாளே அந்த முக்காலியை எத்தித் தள்ளினார்னு இங்கே பெரியவங்க எல்லாரும் சொல்வாங்க. 1943ல நாகர்கோவில் நகராட்சித் தலைவர்.

அப்போ நம்ம ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. சர்க்கார் காகிதமெல்லாம் மலையாளத்தில். தமிழ் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு நேசமணி தலைவரானார். 1952ல நாகர்கோவிலின் முதல் எம்.பி.யும் அவர்தான்.

1954ல தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானார். ஆகஸ்ட் 11 அன்னைக்கு மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் செத்தாங்க. அப்போ முதல்வரா இருந்த பட்டம் தாணுப்பிள்ளையும் ஒரு வக்கீல்தான்!

அடுத்த வருஷம் பசல் அலி கமிஷன் அறிக்கை வந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் நமக்கு. செங்கோட்டையில் ஒரு பகுதியும் கிடைச்சது. தமிழர்கள் அதிகமா இருந்தும் தேவிகுளம், பீர்மேடு கிடைக்கல. 1956 நவம்பர் 1ல குமரி மாவட்டம் பிறந்தது.

இது வெற்றியா தோல்வியா? என்னைக் கேட்டா, பாதி ஜெயிச்ச கேஸ். முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது அந்த பீர்மேடு தாலுகாவில்தான். அன்னைக்கு மேப்பில் போட்ட கோட்டுக்காக ரெண்டு மாநிலமும் எத்தனை வருஷமா கோர்ட் படியேறியிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா கல்குளம் தாலுகாவில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க தமிழில் படிச்சு, தமிழில் மனு எழுத முடியுதுன்னா அதுக்கும் அந்த கேஸ்தான் காரணம்.

1962, 1967 ரெண்டு தேர்தலிலும் நாகர்கோவில் அவரையே டெல்லிக்கு அனுப்பியது. 1968ல எம்.பி.யா இருக்கும்போதே காலமானார். காலியான தொகுதியில் 1969 இடைத்தேர்தலில் நின்னு ஜெயிச்சவர், விருதுநகரில் தோத்திருந்த காமராஜர். காமராஜரை நாகர்கோவில் காப்பாத்தினதைப் பத்திப் பெருமையா பேசுறோமே, அப்படியே நேசமணி பேரையும் ஒரு தடவை சொல்லலாம், தப்பில்லை.