மல்லரும் புரவலரும்

எமது பாடசாலை மண்டபங்களின் சுவர்களிலே வெற்றியாளர் பெயர்ப் பலகைகள் தொங்குவதை நாம் அறிவோம். ஒருபுறம் ஆண்டு, மறுபுறம் பெயர். அவ்வாண்டு அம்மாணவன் எத்தனை நாள் காலை உணவின்றிப் பயிற்சிக்கு வந்தான், அவனுடைய பயணச் செலவை யார் கொடுத்தார் என்பனவற்றைப் பலகை சொல்வதில்லை. விளையாட்டின் வரலாறு என எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவையும் இத்தகைய பலகைகளே. இந்தியத் துணைக்கண்டத்து மற்போரின் வரலாற்றைச் செலவுக் கணக்கின் பக்கம் நின்று நோக்கினால், வீரரின் பெயருக்குப் பின்னால் மறைந்து நிற்போர் பலர் எமது கண்ணுக்குப் புலப்படுவர்.

மல்லனுடைய உடல் செலவு மிகுந்த உடலாகும். கழனியில் உழைப்பவனும் உடல் வலிமை உடையவனே. ஆயினும் அவன் உண்பது உழைப்புக்கு ஈடாக மட்டுமே. மல்லனோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான தண்டால்களும் பஸ்கிகளும் எடுத்து, கோதாவின் மண்ணைத் தானே கொத்திப் பண்படுத்தி, அதன் பின்னர் தோழருடன் பொருதிப் பழகவேண்டும். அதற்குப் பாலும் நெய்யும் வாதுமையும் வேண்டும். இவற்றை உண்டு, வேறு தொழில் எதுவும் செய்யாமல் பல ஆண்டுகளைக் கழிக்க ஏழை விவசாயியின் மகனால் இயலாது. ஆகவே, மற்போர் பெரும்பாலும் அரசவைகளின் நிழலிலேயே வளர்ந்தது. எமது இலக்கியத்திலும் இதன் சுவடு உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். வென்ற இளவரசனின் பெயர் எமக்குத் தெரியும். அவனுடைய தந்தையின் பெயரும் தெரியும். தோற்ற மல்லனுக்கு ஊர் மட்டுமே உண்டு, பெயர் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்நிழலில் வளர்ந்தவர்களுள் தலையாயவர் காமா. 1878இல் பஞ்சாபிலே மல்லர் குடும்பமொன்றிற் பிறந்த குலாம் முகம்மது என்பவரே பின்னர் இப்பெயரால் அறியப்பட்டார். பத்து வயதுச் சிறுவனாக யோத்பூர் அரண்மனையில் நிகழ்ந்த பஸ்கிப் போட்டியில் நூற்றுக்கணக்கான வளர்ந்த மல்லருடன் நின்று பிடித்து, மன்னரின் பாராட்டைப் பெற்றார் என்பர். அதன்பின் தத்தியா சமஸ்தானம் அவரைப் பராமரித்தது. பின்னாளிற் பட்டியாலா ஆதரித்தது. 1910இல் அவரும் அவருடைய தம்பி இமாம் பக்சும் இங்கிலாந்து சென்றபோது, வழிச் செலவைக் கொடுத்தவர் வங்காளத்துச் செல்வர் ஒருவர்.

லண்டனிலே காமாவை உடனே சேர்த்துக்கொள்ள எவரும் முன்வரவில்லை. மேனாட்டு மல்லரின் பக்கத்தில் அவர் உயரங் குறைந்தவராகத் தோன்றினார். அதனால் அரங்கிலே பகிரங்கச் சவால் விட்டே அவர் தமக்கு இடம் தேடவேண்டியிருந்தது. அமெரிக்கரான ரோலர் என்னும் மருத்துவரை இருமுறை வீழ்த்திய பின்னரே பெரிய போட்டி கிட்டியது. 1910 செப்டெம்பர் 10ஆந் திகதி போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவும் அவரும் பொருதினர். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எழாதிருந்தார். முடிவு காணாமல் நிறுத்தப்பட்ட போட்டி ஒரு வாரத்தின் பின் மீண்டும் நடைபெறவிருந்தது. குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. காமாவே வென்றவரெனக் கச்சை அவருக்கு வழங்கப்பட்டது.

உலக வீரனுக்குரிய இக்கச்சையை வழங்கியது ‘ஜோன் புல்’ என்னும் வார இதழ். உலகத்தின் சார்பில் பட்டம் சூட்டும் உரிமையை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தவர் யாரென நாம் கேட்கலாம். அதற்கு விடை இல்லை. அவ்விதழின் அதிபர் ஹொரேஷியோ பொட்டொம்லி, 1922இல் பொதுமக்களின் பணத்தை மோசடி செய்த குற்றத்துக்காகச் சிறை சென்றார் என்பதையும் இங்கே குறித்துவைத்தல் தகும்.

ஆயினும் அந்த வெற்றியின் பொருள் பத்திரிகை அதிபரின் நேர்மையைச் சார்ந்ததன்று. ஆளப்படும் இனத்தான் உடலாலும் தாழ்ந்தவன் என்ற ஆட்சியாளரின் கூற்றினை அந்நாளைய இந்தியர் நாள்தோறும் கேட்டனர். அக்கூற்று லண்டனிலேயே பொய்த்துப்போனது. 1928இல் பட்டியாலாவில் ஸ்பிஸ்கோ மீண்டும் எதிர்நின்றபோது, ஒரு நிமிடத்துக்குள்ளாகவே காமா அவரை மல்லாத்தினார். மன்னர் வெள்ளிக் கதாயுதம் பரிசளித்தார். 1947இன் பிரிவினையிலே லாகூரில் தாம் வாழ்ந்த பகுதியின் இந்துக்களைக் காத்து நின்றார் என்று காமாவைப் பற்றிக் கூறுவர். சமஸ்தானங்கள் மறைந்தபின் அவரைத் தாங்குவார் குறைந்தனர். நோயிலும் பணமுடையிலும் இறுதி நாட்களைக் கழித்து, 1960இல் லாகூரிலே காலமானார்.

காமா தொழில்முறை மல்லர். ஒலிம்பிக் விழாவின் கதவுகள் அவருக்கு மூடியிருந்தன. ஊதியம் பெறாத ‘அமெச்சூர்’ வீரருக்கே அங்கு இடம். இச்சொல்லைத் தூய்மையின் பெயராகவே எமது மாணவர் கற்கின்றனர். ஆனால் அதன் பிறப்பு வேறு. இங்கிலாந்தின் ஹென்லிப் படகுப் போட்டிக்காரர் 1879இல் வகுத்த விதியிலே, கூலிக்குக் கைத்தொழில் செய்பவனும் உடலுழைப்பாளியும் அமெச்சூர் ஆகமாட்டார் என வெளிப்படையாகவே எழுதிவைத்தனர். படகோட்டிப் பணம் பெற்றால் மாத்திரமன்று, கொத்தனாக வேலை செய்தாலே போட்டியிட முடியாது! 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்ற ஜிம் தோர்ப், அமெரிக்கப் பழங்குடி மகன். முன்னர் சிறு தொகை பெற்றுப் பேஸ்போல் ஆடினார் என்ற காரணத்தால் 1913இல் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரே அவை திரும்பின. ஊதியமின்றி விளையாடும் பெருந்தன்மை, வேறு வழியில் ஊதியம் உள்ளவனுக்கே எளிது.

இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஓர் அணி ஒலிம்பிக்குக்குச் சென்றது 1920இல். புனே நகரிலே விவசாயிகள் வெறுங்காலுடன் ஓடியதைக் கண்ட தொராப்ஜி டாடா அதற்கு வழி செய்தார். அவ்வணியில் இரு மல்லர் இருந்தனர். அவர்களுள் ரந்தீர் ஷிண்டே நான்காம் இடத்தைப் பெற்றார். பலகைகளில் நான்காம் இடத்துக்கு வரி கிடையாது. எனவே அவர் பெயரை இன்று அறிவார் அரியர்.

இனி மராட்டிய நாட்டின் கோல்ஹாப்பூருக்கு வருவோம். 1902இலேயே பிற்படுத்தப்பட்டோருக்கு அரசுப் பதவிகளிற் பாதியை ஒதுக்கிய சாகு மகாராஜாவின் சமஸ்தானம் அது. அவரே 1912இல் அங்கு பெரியதொரு மற்போர் அரங்கை அமைத்தார். ஆயினும் எம்மைக் கவர்வன அரங்கினும் மேலாக அந்நகரின் ‘தாலீம்’களே. தாலீம் என்பது இளைஞர் கூடிப் பயிலும் கோதாக்கூடம். செம்மண்ணிலே மோரும் எண்ணெயும் மஞ்சளுங் கலந்து பதப்படுத்துவது அவர்களே. முறைவைத்துச் சமைப்பதும் கூட்டிப் பெருக்குவதும் அவர்களே. மூத்தவன் இளையவனுக்குப் பிடி கற்றுக்கொடுப்பான். ஊர்த் திருவிழாக்களிலே நடக்கும் மற்போருக்கு ஊரார் பணந்திரட்டிப் பரிசு வைப்பர்.

இத்தகைய சூழலிலிருந்து வந்தவர் கசாபா தாதாசாகேப் யாதவ். சாதாரா மாவட்டத்துக் கராட் நகரை அடுத்த கோலேஷ்வர் கிராமத்தில் 1926இற் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலே, மண்ணிற் பழகிய கால்களுடன் மெத்தை விரிப்பில் நின்று ஆறாம் இடம் பெற்றார். அப்பயணத்துக்குப் பணம் தந்தவர் கோல்ஹாப்பூர் மகாராஜா. அடுத்த ஆண்டு, 1949 மார்ச்சில், சமஸ்தானம் பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. மன்னராட்சி மறைந்ததற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. ஆனால் மன்னன் விட்டுச்சென்ற கடமையைப் புதிய குடியரசு உடனே ஏற்றுக்கொண்டதா? 1952இல் நிகழ்ந்ததைப் பார்ப்போம்.

சென்னையில் நடந்த தேசியப் போட்டியிலே தமக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைக்கப்பட்டதென யாதவ் முறையிட்டார். ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பட்டியாலா மன்னர். நீதி கேட்கவும் ஒரு மன்னரிடமே செல்லவேண்டியிருந்தது. மீண்டும் நடந்த போட்டியில் யாதவ் வென்றார். ஹெல்சிங்கி செல்ல இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அவரும் குடும்பத்தினரும் வீடு வீடாகச் சென்று கேட்டனர். கராட் பகுதிக் கிராமத்தவரும் கடைக்காரரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். அவர் படித்த ராஜாராம் கல்லூரியின் அதிபர் கர்டேகர் தமது வீட்டை ஈடு வைத்து 7000 ரூபா கொடுத்தார். ஆசிரியத் தொழிலில் உள்ள எம்மவர் இவ்வரியைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

ஹெல்சிங்கியில் 57 கிலோ எடைப் பிரிவிலே யாதவ் பல நாட்டவரை வென்று முன்னேறினார். ஜப்பானியரான இஷியுடன் நெடுநேரம் பொருதித் தோற்ற கையோடு, ஓய்வின்றிச் சோவியத் வீரர் மமெத்பேகோவுடன் மோதும்படி பணிக்கப்பட்டார். இரு போட்டிகளுக்கிடையே அரைமணி ஓய்வு உண்டென்பது விதி. அதை எடுத்துச்சொல்ல இந்திய அதிகாரி எவரும் அவ்விடத்தில் இல்லை. களைத்த உடலுடன் பொருதி அவர் தோற்றார். இஷி தங்கமும், மமெத்பேகோவ் வெள்ளியும், யாதவ் வெண்கலமும் பெற்றனர். சுதந்திர இந்தியா தனிநபர் போட்டியிற் பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அது.

கராட் நிலையத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் புடைசூழ அவரை ஊருக்கு அழைத்துச் சென்றனர். வரவேற்பு முடிந்ததும் யாதவ் செய்த வேலை யாது? மற்போர்ப் போட்டிகளை ஒழுங்குசெய்து, அவற்றில் தாமும் பொருதி, அப்பணத்தைக் கொண்டு அதிபரின் வீட்டை மீட்டார் என்பர். ஜிம் தோர்ப்பின் பதக்கங்களைப் பறித்த விதியை எழுத்துப் பிசகாமற் பிடித்திருந்தால், கடன் தீர்த்த இக்குற்றத்துக்காக இவருடைய வெண்கலமும் போயிருக்கும்!

1955இற் பொலிஸ் சேவையிற் சேர்ந்தார். ஓய்வு பெற்றபின் ஓய்வூதியத்துக்காக அலையவேண்டியிருந்தது. 1984இல் வீதி விபத்தொன்றில் இறந்தார். அர்ஜுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்தது. டில்லியிலுள்ள உள்ளரங்கு ஒன்றுக்கு 2010இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

அதே டில்லியில் 2023ஆம் ஆண்டிலே மல்லர் வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். பெண்களுக்கான மற்போர் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டது 2004இலே தான். 2016இல் ரியோவில் வெண்கலம் வென்ற சாக்சி மாலிக் அரியானாவைச் சேர்ந்தவர். அவரும் வினேஷ் போகாட், பஜ்ரங் பூனியா ஆகியோரும், வீராங்கனைகளிடம் பாலியல் முறைகேடாக நடந்தாரென மற்போர்ச் சம்மேளனத்தின் அன்றைய தலைவர்மீது குற்றஞ்சாட்டி நடவடிக்கை கோரினர். அவர் அதனை மறுத்தார். மே 28ஆந் திகதி, புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளில், பொலிசார் இவர்களை வீதியில் இழுத்துச் சென்று அப்புறப்படுத்தினர். இரண்டு நாள் கழித்து, தாம் வென்ற பதக்கங்களைக் கங்கையில் விடுவதற்காக அவர்கள் ஹரித்துவாருக்குச் சென்றனர். அரசின் சார்பில் எவரும் அங்கு வரவில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் நரேஷ் திக்காயத் ஆற்றங்கரைக்கு வந்து, ஐந்து நாள் தவணை கேட்டு, அப்பதக்கங்களைத் தமது கையில் வாங்கிக்கொண்டார்.