பொருளடைவும் தமிழ்த் தொடரமைப்பும்: பெங்களூர்ப் பயிற்சி மரபு பற்றிய ஒரு நோக்கு

நூலிறுதியில் அமையும் பொருளடைவை வெறும் அகரவரிசைப் பட்டியலாகக் கருதுவோர் பலர். எச்சொல்லை முன்னிறுத்துவது, அதனை எச்சூழலோடு பிணைப்பது என்னும் முடிவுகளோ மொழியமைப்பைச் சார்ந்தவை. இவற்றை முறையாகக் கற்பிக்கத்தக்க கலையாக்கியதில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. அம்மரபு தமிழுக்கு எங்ஙனம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலக அட்டவணைக் கோட்பாடு பற்றி 1938-இல் வெளியிட்ட நூலில் அவர் சங்கிலிமுறை அடைவை விளக்கினார். 1950-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் இம்முறையை ஏற்றது. 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் அவர் நிறுவிய ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இதனைப் பயிற்சியாக வளர்த்தது. பொருளைக் கூறுகளாகப் பகுத்து வரிசைப்படுத்திய பின்னரே தலைச்சொல்லைத் தேர்தல் வேண்டும் என்பது அப்பயிற்சியின் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ‘வேளாண்மை – நெல் – நோய் – தடுப்பு’ என்பது பொருட்சங்கிலி. இதனை இறுதியிலிருந்து பின்னோக்கிப் பிரித்தால் நான்கு பதிவுகள் கிடைக்கும்:

தடுப்பு, நோய், நெல், வேளாண்மை
நோய், நெல், வேளாண்மை
நெல், வேளாண்மை
வேளாண்மை

முதற்பதிவின் வரிசை, ‘தடுப்பு’ முன்னும் ‘நெல்’ பின்னுமாக வரும் ஆங்கிலத் தொடரின் வரிசையை ஒத்தது. தமிழிலோ ‘நெல் நோய்த் தடுப்பு’ என்பதே இயல்பான தொகை. அதாவது, தமிழ்த்தொகை சங்கிலியின் முன்னோக்கு வரிசையையே பின்பற்றுகிறது. பின்னோக்கிய பதிவு தமிழ் வாசகர்க்குத் தலைகீழாகத் தோன்றும்.

இச்சிக்கலுக்கு விடை அம்மையத்திலேயே உருவாயிற்று. கணேஷ் பட்டாச்சார்யா வகுத்து 1979-இல் விரிவாக விளக்கிய ‘பாப்சி’ முறையில், ஒவ்வொரு தலைச்சொல்லின் கீழும் முழுச்சங்கிலி முன்னோக்கு வரிசையிலேயே இடம்பெறும். ‘தடுப்பு’ எனத் தேடுபவரும் ‘வேளாண்மை, நெல், நோய், தடுப்பு’ என்னும் சூழலை முறையாகக் காண்பர். தமிழடைவுக்கு இதுவே ஏற்புடையது.

எனினும், தமிழுக்கே உரிய சில இடர்கள் எஞ்சுகின்றன. புணர்ச்சியால் ‘நெல்’ என்பது ‘நெற்பயிர்’ எனத் திரிய, அகரவரிசையில் அவ்விரண்டிற்கும் இடையே ‘நெளிவு’ போன்ற தொடர்பற்ற சொற்கள் புகும். வேற்றுமையுருபு ஏற்ற வடிவங்களை எழுவாய் வடிவிற்கு மீட்டலும், ‘காண்க’ என்னும் இணைப்புக் குறிப்புகளும் இன்றியமையாதவை.

வாசகரின் காலத்தைச் சேமிக்க என்பது அரங்கநாதனின் நான்காம் விதி. பொருளடைவின்றி வெளிவரும் தமிழாய்வு நூல்கள் இன்றும் உள. அவற்றிலுள்ள செய்திகள் அச்சேறியும் மறைந்தே கிடக்கின்றன. ஆய்வு மாணவர்க்குப் பதிப்புக்கலையோடு அடைவாக்கமும் கற்பிக்கப்படின் இக்குறை நீங்கும்.