பெருநாள் அடுக்களையில் ஒரு வெளியூர்ப் பண்டம்

ரமளானின் கடைசிப் பத்தில், புதுச்சேரியில் முல்லா வீதியைச் சுற்றியுள்ள நம் வீடுகளில் பிள்ளைகள் இப்போது சாக்லேட் சிப் குக்கீ செய்யத் தொடங்கிவிட்டனர். பாதி வீடுகளில் முடிவு ஒன்றே. தட்டில் பன்னிரண்டு உருண்டைகளாக உள்ளே சென்ற மாவு, ஒரே அடையாகப் படர்ந்து வெளியே வருகிறது. நோன்பு நோற்ற களைப்போடு நின்று செய்த பிள்ளை, தன் கையில் பக்குவம் இல்லை என்று கண் கலங்குகிறாள். பிழை அவள் கையில் இல்லை. அந்தப் பண்டம் பிறந்த ஊரில் இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற சிற்றூர். அங்கே 'டோல் ஹவுஸ்' விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு அம்மையாரே இதை உருவாக்கியவர். 1938இல் வெளிவந்த அவருடைய சமையல் நூற்பதிப்பில் செய்முறை அச்சேறியது. சாக்லேட் துண்டுகள் தவறி மாவில் விழுந்தன, அதனால் குக்கீ பிறந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. மனையியல் பயின்று, உணவு குறித்து விரிவுரை ஆற்றியவர் அவர். பலமுறை செய்து பார்த்தே இதனை அமைத்தார். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. சமையற்கட்டுக் கதைக்கும் அது பொருந்தும்.

அந்தச் செய்முறையில் வரும் 'அறை வெப்பநிலை வெண்ணெய்' என்ற சொல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. குளிர்நாட்டு அறை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். வெண்ணெய் அங்கே விரல் பதியும் அளவுக்கு இளகி நிற்கும். சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் கோடை நாளில் அடுக்களை 35 பாகையைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் வெண்ணெய் எண்ணெயாகவே ஆகிவிடும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. மாவு இறுகும் முன்பே தட்டில் ஓடிவிடும். ஆகவே வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில நிமிடங்களிலேயே அடித்துவிட வேண்டும். உருட்டிய மாவை ஒரு மணி நேரமாவது குளிரவைத்து, நன்கு சூடேறிய 190 பாகை அடுப்பில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். முதல் ஈட்டில் சுட்ட தட்டிலேயே ஆறாமல் அடுத்த ஈட்டை அடுக்குவதும் இதே குற்றம்தான்.

வெண்ணெயோடு வெயில் நடத்தும் இந்தப் போர் பழையது. பிரெஞ்சுக்காரர்கள் தம் வெப்பநாட்டுக் குடியேற்றங்களுக்கு நார்மண்டியின் வெண்ணெயை உப்பிட்டுத் தகரக் குவளையில் அடைத்து அனுப்பினர். வியட்நாமில் 'பிரெத்தேல்' என்ற பெயரில் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். நம் நாடு வேறு வழி கண்டது: வெண்ணெயை உருக்கி நெய்யாக்கிவிட்டது. சூரத்தின் நான்கட்டாய் அந்த நெய்யில் எழுந்த பண்டம். பெயரின் முதற்பாதி ரொட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். நெய்யில் நீர் இல்லை, மாவில் முட்டையும் இல்லை. ஆகையால் அது படராமல் பொரபொரவென்று நிற்கிறது. ஆனால் குக்கீயில் வெண்ணெய்க்குப் பதிலாக அதே அளவு நெய்யை ஊற்றினால் கிடைப்பது குக்கீயும் அன்று, நான்கட்டாயும் அன்று.

சர்க்கரையிலும் கவனம் தேவை. வேக்ஃபீல்டு வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் முக்கால் கோப்பை வீதம் சமமாக இட்டார். பழுப்புச் சர்க்கரையில் உள்ள கரும்புப்பாகின் புளிப்பே சமையல் சோடாவை வேலை செய்ய வைக்கிறது. முழுதும் வெள்ளைச் சர்க்கரை போட்டால் குக்கீ அதிகம் படரும். சோடாவின் கசப்பும் நாவில் தங்கும். நாட்டுச் சர்க்கரை ஓரளவு கைகொடுக்கும். 'சர்க்கரை' என்னும் சொல்லே இந்நாட்டிலிருந்து பாரசீகம் சென்று 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, பிரெஞ்சில் 'சூக்ர்' ஆனது. புறப்பட்ட ஊருக்கே அது விருந்தாளியாகத் திரும்பி வந்திருக்கிறது.

வனிலாவின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், 1841இல் வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டான். உலகின் வனிலாத் தோட்டங்கள் அந்த விரல்களின் வித்தையால் வளர்ந்தன. அவரோ 1880இல் வறுமையில் இறந்தார். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், அத்தீவின் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழ்க் கூலிகள் கப்பலேறினர்.

இன்று கடையில் வாங்கும் வனிலா எக்ஸ்ட்ராக்ட்டில், அமெரிக்கத் தரவிதியின்படி 35 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் உண்டு. இதைச் சமையலில் சேர்ப்பது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐயத்தைத் தவிர்க்க விரும்புவோர்க்கு வனிலாக் காய் உண்டு, ஆல்கஹால் கலவாத பொடியும் உண்டு. சாக்லேட் துண்டுகளின் உறையையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பின்னும் படர்ந்துவிட்டதா? சூடு ஆறுமுன் கத்தியால் சதுரங்களாகக் கீறி எடுங்கள், ஆறினால் உடையும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள், கடற்காற்றில் ஒரே இரவில் நமத்துப்போகும். சென்ற பெருநாளில் எங்கள் வீட்டிலிருந்து அண்டை வீடுகளுக்குச் சென்றவை அந்தச் சதுரங்கள்தாம். தட்டுகள் காலியாகவே திரும்பின.