ஏடு தேடிய காலமும் எந்திரம் தேடும் காலமும்

தோட்டத்து ஆபீசின் வாயிலில் நின்று, செக்ரோலில் தம் பெயர் ஏறியுள்ளதா எனப் பார்த்துச் சொல்லுமாறு கிராணியாரைக் கேட்டுக் காத்திருந்த கதையைக் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்து முதியோர் தம் பெற்றோர் வாயிலாகவேனும் கேட்டிருப்பர். "நீ எந்தக் கங்காணியின் ஆள்?" என்பதே கிராணியாரின் முதற்கேள்வி. அதற்கு விடை கிடைத்தால் உரிய பக்கத்தைப் புரட்டினாற் போதும். கிடையாவிடில் ஏட்டை முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். பெயரைப் படிக்க ஒரு கணம் போதும். அது இருக்கும் இடத்தைக் கண்டறியவே பொழுதெல்லாம் போயிற்று. கணினியானது தன் சேமிப்பிலிருந்து செய்தியை எடுத்துத் தரும் வேகத்தின் வரலாறும் இத்தொல்லையைக் குறைக்க முயன்ற வரலாறேயாம்.

1890 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கை ஹெர்மன் ஹோலரித் என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எந்திரத்தால் எண்ணினார். எண்ணுதற்கு அவ்வட்டைகள் பெரிதும் உதவின. எனினும், அடுக்கில் எங்கோ கிடக்கும் ஓர் அட்டையைத் தேடுவதாயின், அடுக்கையே எந்திரத்தில் ஓட்ட வேண்டியிருந்தது. 1951 இல் யூனிவாக் கணினியுடன் வந்த காந்த நாடாவும் அவ்வாறே. பாட்டுக் கேசட்டின் கடைசிப் பாட்டைக் கேட்க நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கை சலித்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஈண்டு ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. வைத்தீசுவரன் கோயிலில் நம் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, நம் பிறப்பு எழுதிய ஏட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லும் நாடி சோதிடர்களை நாடி இந்நாட்டிலிருந்தும் பலர் செல்கின்றனர். அவர் ஏட்டுக்கட்டை அவிழ்த்து, "தந்தை பெயர் இவ்வெழுத்தில் தொடங்குமா? உடன்பிறந்தார் இருவரா?" என வினவி, ஆம், இல்லை என நாம் கூறுந்தோறும் ஏடுகளை ஒதுக்கிக்கொண்டே போவார். ஏட்டைத் தேடும் முறை என்ற அளவில் அது சாதுரியமானதே. ஆனால் ஏட்டிலிருந்து வந்ததாக நாம் வியக்கும் விடையை நம் வாயாலேயே முன்னர்க் கொடுத்துவிட்டோம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

பொறியின் கதைக்கு மீள்வோம். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் ரமாக் என்னும் கணினியை வெளியிட்டது. அதன் சேமிப்பில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பெற்று, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. எழுத்துகளைப் படிக்கும் கையொன்று மேலும் கீழும் ஏறியிறங்கி, வேண்டிய தட்டினுள் நுழைந்து செய்தியை எடுத்தது. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஒன்றை எடுக்கச் சராசரியாக 600 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிக்குச் சற்று மேல். முதலிலிருந்து ஓட்டாமல் வேண்டிய இடத்திற்கே செல்லும் வழி இவ்வாறு பிறந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே வியப்பிற்குரியது. தட்டுகள் சிறுத்தன, கொள்ளளவு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வளர்ந்தது. வேகமோ அவ்வாறு வளரவில்லை. நிமிடத்திற்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒருமுறை சுழல 8 மில்லி விநாடிக்குச் சற்று மேலாகும்; வேண்டிய இடம் கையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதிற் பாதி; கை நகர்வதற்கு மேலும் எட்டு ஒன்பது. ஆகப் பன்னிரண்டு பதின்மூன்று மில்லி விநாடி. அரை நூற்றாண்டில் ஐம்பது மடங்கே! இரும்புக்கும் சுழற்சிக்கும் எல்லை உண்டன்றோ?

இக்குறையை அறிவாற் சமாளிக்க 1970 இல் ரூடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்னும் இருவர் ஓர் அட்டவணை முறையை வகுத்தனர். ஒரு பக்கத்தில் 500 வழிகாட்டிகள் இருப்பின், மூன்றே பக்கங்களைப் புரட்டுவதால் 12.5 கோடிப் பெயர்களுள் ஒன்றை அடையலாம். மலேசிய மக்கள் அனைவரும் அதனுள் அடங்கி இடமும் மிஞ்சும்.

சுழலும் தட்டையே விலக்கும் வழியைத் தொஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோக்கா காட்டினார். அவர் 1980களில் வெளியிட்ட ஃபிளாஷ் நினைவகத்தில் கையுமில்லை, சுழற்சியுமில்லை. மின்னேற்றம் சிற்றறைகளில் அடைபட்டிருக்க, கம்பி வழியே நேராக எட்டலாம். ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் விடை வரும்.

இவ்வரலாற்றில் பினாங்கிற்கும் பங்குண்டு. 1972 இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் முதலிய எட்டு நிறுவனங்கள் கால் ஊன்றின. 1993 இல் கோமாக் நிறுவனம் இங்குத் தட்டுகள் செய்யத் தொடங்கிற்று. 2007 இல் அதனை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இன்று ஃபிளாஷ் சேமிப்பகங்கள் பத்து காவானில் உருவாகின்றன. அந்நிலம் முன்னர்த் தோட்டமாயிருந்தது. பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர் அதற்குச் சான்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம்மவர் பலர் பிறப்புப் பத்திரமின்றியே வெளியேறினர். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்யப் பட்டணம் போனால் ஒரு நாட் பேர் போய்விடும் என்று விட்டவர் உண்டு. பின்னர் அக்குழந்தை சிவப்பு அடையாள அட்டையுடனோ, எவ்வட்டையும் இன்றியோ வளர்ந்தது. 2001 இல் அடையாள அட்டையே சில்லுப் பதித்த மைகார்டாயிற்று. இவ்வகைக் குறைகளைத் தீர்க்க 2011 இல் மைடஃப்தார் என்னும் பதிவு இயக்கம் நாடெங்கும் நடத்தப்பெற்றது. பள்ளிச் சான்றிதழ் ஒன்றேனும் வைத்திருந்தவர்க்கு வழி சற்று எளிதாயிற்று. மற்றவர் பெயரைத் தட்டச்சிட்டபோதும் பொறி தயங்கவில்லை. அட்டவணையின் பக்கங்களைப் புரட்டி, இருப்பவர்க்கு விடை தரும் அதே வேகத்தில், இப்பெயர் இல்லை என்று தெரிவித்தது.