எஞ்சிய ஈரலே தீர்மானிக்கும்: தொடக்கநிலைக் கல்லீரற் புற்றுநோயும் கொழும்பு வடக்கும்

தொடக்கநிலைக் கல்லீரற் புற்றுநோய்க்கு மூன்று வழிகள் உண்டு: கட்டியை வெட்டி அகற்றலாம், ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கலாம், ஈரலையே மாற்றலாம். கருக்குதல், சத்திரசிகிச்சைக்குத் தகுதியற்றவர்களுக்கு வைத்தியர்கள் தரும் ஆறுதற் பரிசு என்றே நோயாளரின் குடும்பங்கள் பலவும் எண்ணுகின்றன. கொழும்பு வடக்கின் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பகுதி நோயாளரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம்.

முதலில் நோயின் மூலம். கிழக்காசியாவில் இப்புற்றுநோய் பெரும்பாலும் ஹெப்பரைற்றிஸ் பி வைரஸின் பின்னால் வருகிறது. இலங்கையில் அவ்வைரஸ் அரிது. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்திலும் 2003 முதல் அதற்கெதிரான ஊசி உண்டு. இங்குள்ள காரணிகள் மதுவும் கொழுப்பு ஈரலும். களனிப் பல்கலைக்கழகத்தார் 2007இல் தொடங்கிய ராகம ஆய்வில் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 2,985 பேரைப் பரிசோதித்தபோது, மதுவால் வராத கொழுப்பு ஈரல் 32.6 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. ராகமவின் கணக்கைக் களனி ஆற்றின் தென்கரையிலுள்ள கிராண்ட்பாஸுக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. ஆனால் சீனி வருத்தம், வயிற்றுப் பருமன், நாளுக்கு மூன்று வேளையும் மாச்சத்து என்ற வாழ்க்கை ஆற்றோடு நின்றுவிடுவதில்லை.

இந்த மூலம் சிகிச்சைத் தெரிவை நேரடியாகத் தொடுகிறது. வெட்டி அகற்றுவதற்குக் கட்டி சிறிதாக இருந்தால் மட்டும் போதாது. எஞ்சும் ஈரல் உடலைத் தாங்க வேண்டும். சுருங்கிய ஈரலில் வாயில் நாள அழுத்தம் கூடியிருந்தால், வெட்டியபின் வயிற்றில் நீர் கோத்து ஈரல் செயலிழக்கக்கூடும். நீரிழிவும் இதய நோயும் ஆபத்தைப் பெருக்கும். யப்பானில் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டிகளையுடைய சுமார் 300 பேரை இரு குழுக்களாக்கிச் செய்த ‘சர்ஃப்’ ஆய்வில், வெட்டுதலுக்கும் ரேடியோ அலையால் கருக்குதலுக்கும் இடையே உயிர்வாழ்விலோ மறுதோற்றத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே 2 சென்ரிமீற்றருக்குட்பட்ட கட்டிக்குக் கருக்குதலே முதற் தெரிவாகட்டும். பித்தப்பையை ஒட்டியோ பெரிய குருதிக்குழாய் அருகிலோ இருந்தால் கதை வேறு. ஓடும் குருதி சூட்டைக் கொண்டுபோய்விடும். ஈரல் நல்லநிலையில் இருந்து ஒற்றைக் கட்டி 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கத்தியே மேல். இதில் எனக்குத் தயக்கமில்லை.

இரு வழியிலும் ஒரு குறை: நோயுற்ற ஈரல் உள்ளேயே கிடக்கிறது. வெட்டியவர்களில் ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்குப் புற்று மீண்டும் தலைகாட்டுகிறது. மறுதோற்றத்தைத் தடுக்கச் சொராஃபெனிப் மாத்திரை கொடுத்துப் பார்த்த ‘ஸ்ரோம்’ ஆய்வு 2015இல் தோல்வியாகவே முடிந்தது. ஈரலை மாற்றினால் கட்டியும் விளைநிலமும் ஒன்றாகப் போகும். 5 சென்ரிமீற்றருக்குட்பட்ட ஒற்றைக் கட்டி அல்லது 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை என்ற, மாற்றுச் சிகிச்சைக்குரியவரைத் தெரிவதற்கான மிலான் வரையறையில், 1996இல் அறிக்கையிடப்பட்ட 48 நோயாளரின் நான்காண்டு உயிர்வாழ்வு 75 சதவீதம்.

ஆனால் ஈரலைத் தருவது யார்? மூளைச்சாவுக் கொடைக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ராகமவில் மாற்றுச் சிகிச்சையும் நடக்கிறது. ஆயினும் பெரும்பாலும் உறவினரையே நாட வேண்டியிருக்கிறது. ஒரே அடுப்பில் உண்டு ஒரே பரம்பரையில் வந்த தம்பியின் ஈரலிலும் கொழுப்பு படிந்திருந்தால் கொடை மறுக்கப்படும். வைரஸ் புற்றுநோயை வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தச் சிக்கலுக்குப் போதிய இடமில்லை.

எனவே உண்மையான தெரிவு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு முன்பே, நீரிழிவு கிளினிக்கில் நடக்கிறது. வைரஸ் நோயாளருக்கு ஆறுமாத ஸ்கேன் வழக்கமாகிவிட்டது. கொழுப்பு ஈரல்காரரைக் கூப்பிட ஆளில்லை. எல்லாரையும் ஸ்கேன் செய்யத் தேவையுமில்லை. வயது, இரு ஈரல் நொதிகள், குருதிச் சிறுதட்டுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் ‘ஃபிப்-4’ எண்ணுக்கு வழமையான இரத்தப் பரிசோதனைகளே போதும். எண் கூடியவர்களுக்கு ஈரல் விறைப்பை அளந்து, சுருக்கம் உறுதியானவர்களை ஆறுமாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு அனுப்பலாம். பருத்த வயிற்றில் ஸ்கேன் படம் மங்கும் என்பதால், புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.